புள்ளிக்குக் கூலி இல்லை

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார் மூக்கையா. டம்ளரைக் கவிழ்த்து மிச்சத் துளியை உதறினார். அடிப்பக்கத்தைப் பார்த்தார். நடுவிரல் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துக்கொண்டார். பிறகு மூக்கருகே. வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெர்மனு" என்றார் மூக்கையா, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபடி. "ஆனா தண்ணி நல்லாருக்கு."

வீடு வீடாக இப்படி நடந்த பிறகு, இப்போது அவருக்கு யாரும் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுப்பதில்லை. அவர் தெருவுக்குள் வருவது தெரிந்தால் பூஜை அறைக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவருக்காகவே மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருக்கும் வீடும் ஒன்று உண்டு. மூக்கையா அதைத் தனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

திண்டுக்கல் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையின் வாசல்படிக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூலும் ஒரு பிளக் பாயின்டும் இருக்கின்றன. முப்பத்திரண்டு வருஷமாக அதுதான் அவருடைய ஆபீஸ். வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவது தொழில். கையில் பிடித்த மிஷினின் ஊசி ஈ மாதிரி ரீங்காரமிடும். குடம், அண்டா, சம்படம், டிபன் கேரியர் எல்லாம் அவர் மடியில் கிடந்துதான் பெயர் பெற்றுப் போகும். ஊரின் தாராள மனசு அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஒரே டிபன் கேரியர் மூன்று கல்யாணத்துக்குப் போய்விட்டு அவரிடம் திரும்பி வந்திருக்கிறது. 'அன்பளிப்பு' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, கொடுப்பவர் பெயரை மட்டும் சுரண்டி மாற்றச் சொல்வார்கள். "அன்பு பழசு, ஆளு புதுசு" என்பார் மூக்கையா. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. புள்ளிக்குக் கூலி இல்லை. ஆனால் இனிஷியலுக்குப் புள்ளி வைக்காமல் அவர் கையிலிருந்து பாத்திரம் வெளியே போகாது. அவசரமாக பஸ் பிடிக்க நிற்பவர், "அண்ணே, புள்ளியெல்லாம் வேணாம், குடுங்க" என்றால் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "புள்ளி வச்சாத்தான் அப்பு அது மனுசன் பேரு. இல்லாட்டி கம்பெனி மார்க்கு."

பேர் வெட்டப்போய்த்தான் வெள்ளி அவருக்குப் பிடிபட்டது. நல்ல வெள்ளியில் ஊசி இறங்கினால் மிஷின் சத்தம் தணியும். முலாமில் இறங்கினால் முதலில் தணிந்து, மேல்பூச்சு முடிந்த இடத்தில் கிரீச்சென்று ஏறும். அந்தச் சத்தம் வந்தால் அவர் மிஷினை அணைப்பார். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வருவது வருத்தம் என்று சொல்ல முடியாது.

இப்போதெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, ஆளாளுக்குக் காந்தத்தோடு வருகிறார்கள். "பாருங்கண்ணே, ஒட்டல. அப்ப வெள்ளிதானே?"

"ஒன் சட்டையிலயும்தான் ஒட்டாது. அதுவும் வெள்ளியா?" என்பார். அவர் நம்புவது மூன்றை. முதலாவது காது: நிஜ வெள்ளி சுண்டினால் கொஞ்ச நேரம் பேசும். இரண்டாவது மூக்கு: முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் உலோகம் வியர்த்த கை மாதிரி வாடையடிக்கும். மூன்றாவது சூடு: கொதிக்கிற காப்பியில் வெள்ளி ஸ்பூனைப் போட்டு மூன்று எண்ணுவதற்குள் காம்பு விரலைச் சுட வேண்டும். சுடாவிட்டால் ஜெர்மன்.

ஜெர்மன் சில்வர் என்கிற உலோகத்தில் வெள்ளி பெயரில் மட்டும்தான் உண்டு. மூக்கையாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், நாளடைவில் உலோகத்திலிருந்து கழற்றி மனிதர்களுக்கு மாட்டிவிட்டார். வட்டச் செயலாளரின் கும்பிடு ஜெர்மன். புதிதாக வந்த டாக்டரின் சிரிப்பு ஜெர்மன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் பேசி இறங்கியதும், "சார் பேச்சு முழுக்க ஜெர்மனு" என்றார். தலைமையாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வெளிநாட்டுத் தரம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வாயால் இரண்டு கல்யாணம் நின்றுபோனது. இரண்டும் அவருடைய ஒரே மகள் ஜீவிதாவின் கல்யாணம். முதல் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்த தட்டை, முப்பது பேர் நடுவில் சுண்டிக் காட்டினார். இரண்டாவது இடத்தில் குங்குமச் சிமிழை மோந்து பார்த்தார். பேச்சு எதுவும் இல்லை, மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அவர்கள் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

ஜீவிதா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். மில் பஸ்ஸில் போய் வருகிறாள். அதே மில் ஆபீஸில் இருக்கும் விக்னேஷ்குமாரை அவளே பார்த்து, அவளே பேசி, இரண்டு வீட்டையும் அவளே சம்மதிக்க வைத்தாள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் அன்று காலையில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நூல்ல முடிச்சு இருந்தா நானும்தாம்பா கண்டுபிடிப்பேன். மில்லுக்குள்ள சொல்லுவேன். கல்யாண வீட்டுல எவன் சேலையிலயும் போய் நூலெண்ண மாட்டேன்."

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது. அங்க போயி சாப்பிட மட்டும் வாயத் தொறங்க. எனக்கு இருபத்தெட்டு முடியப்போகுது. விக்கியத் தவிர வேற ஆளை நான் கட்ட மாட்டேன். இதையும் கெடுத்துட்டு வந்தா, ஒங்க ஊசியால என் பேர வெட்டி வீட்டு வாசல்லயே மாட்டிக்கங்க."

மூக்கையாவின் மனைவி சண்முகவள்ளி, "நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்டி" என்றாள். அதற்கு, கிள்ளும் தூரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அர்த்தம்.

எரியோட்டில் மாப்பிள்ளை வீட்டு இரும்புக் கேட்டில் ஆங்கில எழுத்து நான்கு பளபளத்தன: ஈ.பி.என்.எஸ். வாசலில் நின்ற லாரியின் நெற்றியிலும் அதே நான்கு. மாப்பிள்ளையின் அப்பா சுப்புராஜுக்கு வெங்காய மண்டி. மண்டி போர்டில் 'ஈ.பி.என்.எஸ். அன் சன்ஸ்'. ஹாலில் சந்தன மாலை போட்ட ஒரு பெரிய ஆயில் பெயின்டிங். சுப்புராஜுக்கு ஜிப்பாவும் தலைப்பாகையும் போட்டு, மீசையை இரண்டு அங்குலம் நீட்டினால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தது படத்திலிருந்த முகம்.

"எங்க பூட்டனாருக்கு அப்பா" என்றார் சுப்புராஜ். "எரியோடு பழனியாண்டி. அவரு மகன் நல்லமுத்து. அவரு மகன் சுப்பையா, என் தாத்தா. எரியோடு பழனியாண்டி நல்லமுத்து சுப்பையா. ஈ, பி, என், எஸ். தாத்தா கொடைக்கானல்ல ஒரு தொரைக்கு வலதுகை மாதிரி இருந்தவரு. தொரை சீமைக்குத் திரும்பிப் போறப்ப, லண்டனுக்கு எழுதிப்போட்டு, தாத்தா பேரை வெட்டி வரவழைச்சு, ஒரு பெட்டி சாமான் குடுத்துட்டுப் போனாரு. எல்லாம் அசல் வெள்ளி. அதுல இருக்கப்போயித்தான் எங்க பரம்பரைப் பேரே எங்களுக்கு முழுசாத் தெரிஞ்சது."

கடைசி வாக்கியத்தில் சுப்புராஜ் தன்னை அறியாமல் உண்மை பேசியிருந்தார். சுப்பையா பங்களாவில் சமையல் வேலை பார்த்ததும், துரை போகும்போது பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனதும் நடந்திருக்கலாம். நல்லமுத்துவின் பெயர் பழைய பத்திரம் ஒன்றில் இருக்கிறது. அதற்கு முந்திய தலைமுறைக்குப் பத்திரம் கிடையாது. பெட்டியிலிருந்த ஸ்பூனில் 'பி' இருந்தது. ஆகவே பழனியாண்டி வந்து சேர்ந்தார். பின்னாலேயே தலைப்பாகையும் மீசையும் வந்தன.

சுப்புராஜின் மனைவி பெருமாயி பாயசக் கிண்ணங்களைக் கொண்டுவந்தார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பாயசம், ஆவி பறந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் ஒரு ஸ்பூனை, குழிவு மேலே பார்க்க, மெதுவாகப் படுக்க வைத்தார். பக்கத்தில் ஒரு முள்கரண்டியும் வைத்தார். பாயசத்துக்கு முள்கரண்டி எதற்கு என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

மூக்கையா ஸ்பூனை எடுத்துக் கிண்ணத்துக்குள் விட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. காம்பு குளிர்ந்தே இருந்தது. பத்து வரை எண்ணினார். பனிக்காலத்துக் கம்பி மாதிரி இருந்தது. சண்முகவள்ளியின் விரல் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் தயாராக வந்து நின்றது.

"திருப்பிப் பாருங்க சம்பந்தி. காம்புக்குப் பின்னால தாத்தா பேரு."

திருப்பினார். ஸ்பூனின் முதுகில், மேசையில் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில், மொச்சைக்கொட்டை அளவுக்கு மங்கிய மஞ்சள். காம்பில் நான்கு எழுத்து. ஈபிஎன்எஸ்.

இந்த நான்கு எழுத்தை அவர் முதன்முதலில் பார்த்தது பேகம்பூரில், அப்துல் ஜப்பாரின் பழைய சாமான் கடையில். கொடைக்கானல் பங்களாக்களைக் காலி செய்யும்போது வருகிற சாமான்கள் அங்கேதான் வந்து இறங்கும். எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர் என்பதன் சுருக்கம் அது என்று ஜப்பார் பாய்தான் சொன்னார். மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே ஜெர்மன். 'இந்த நாலெழுத்தப் பாத்தா கிலோக்கணக்குல வாங்கு. கிராம்கணக்குல வாங்கிராத' என்பது பாயின் பாடம். வெள்ளைக்காரன் யோக்கியமாக, இது வெள்ளி இல்லை என்று பின்னால் எழுதித்தான் அனுப்பியிருக்கிறான். எரியோட்டுக்காரர்கள் அதற்கு ஒரு வம்சத்தையே கொடுத்துவிட்டார்கள்.

மூக்கையா வாயை இறுக மூடிக்கொண்டார். மகளின் முகம் கண்ணில் வந்து நின்றது. 'ஜெர்மன்' என்ற சொல் தொண்டை வரை வந்து, பாயசத்தோடு உள்ளே போனது. ஆனால் முப்பத்திரண்டு வருஷத் தொழில் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டது.

"புள்ளி இல்லையே" என்றார்.

இடுப்பில் கிள்ளு விழுந்தது. சுப்புராஜ் குனிந்தார். "என்னது?"

"இல்ல... இனிஷியலுக்குப் புள்ளி வைக்கலையேன்னேன்."

சுப்புராஜ் யோசித்தார். அறுபது வருஷத்தில் இந்தக் கேள்வி அவருக்கு வந்ததில்லை. "வெள்ளைக்காரன் வெட்டுனதுல்ல. அவனுக்கு எதுலயும் புள்ளி வச்சுப் பழக்கமிருக்காது" என்றார் கடைசியில். எல்லாரும் தலையாட்டினார்கள். பெருமாயி மட்டும் ஆட்டவில்லை. மூக்கையாவின் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி, முந்தானையில் ஒற்றி, குழிவு மேலே பார்க்கத் திரும்பவும் வைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடியும்போது சுப்புராஜ் ஒன்று கேட்டார். சீர் வேண்டாம், அதெல்லாம் பழைய வழக்கம். பொண்ணுக்குப் பிரியப்பட்டு என்ன கொடுத்தாலும் சரி. "ஆனா எங்க வீட்டுக்குள்ள வர்ற பாத்திரம் எதுன்னாலும் ஈ.பி.என்.எஸ்.னு பேரு இருக்கணும். நீங்களே பேர் வெட்டுறவரு. ஒங்க கையாலயே வெட்டிக் குடுத்துருங்க."

மூக்கையாவிடம் ஒரு வெள்ளித் தட்டு, ஒரு சொம்பு, இரண்டு டம்ளர் இருந்தன. ஜீவிதா பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கியவை. ஒவ்வொன்றையும் சுண்டி, மோந்து, சுடவைத்துப் பார்த்து வாங்கியவை. அவருடைய வீட்டில் அவர் காதுக்குப் பேசுகிற பொருள்கள் அவை நான்குதான். அவற்றின் மீது, 'இது வெள்ளி இல்லை' என்று உலகத்துக்கே அர்த்தம் தெரிந்த நாலெழுத்தை, அவர் கையாலேயே வெட்ட வேண்டும்.

பத்து நாள் கடத்தினார். ஊசி தேய்ந்துவிட்டது என்றார். கரண்ட் சரியில்லை என்றார். தட்டைத் துணிப்பையில் போட்டு ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் குடத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்குப்பா தெரியப்போகுது?" என்றாள் ஜீவிதா.

"ஜப்பார் பாய்க்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"ரெண்டு பேரு. அதுல ஒருத்தருக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணிருக்கு."

அதற்குப் பிறகு அவள் பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் அவர் முன்னால் சத்தமாக வைத்தாள். எவர்சில்வர் தட்டு. ஞாயிற்றுக்கிழமை சுப்புராஜிடமிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை உறுதி செய்வதாக இருந்தது, அதைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறாராம். "எங்க தாத்தா பேரு ஒங்க ஊசிக்கு எளக்காரமாத் தெரியுது போல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஜீவிதா மறுநாள் மில்லுக்கு லீவு போடவில்லை. சாப்பிடாமல் போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடைவீதி கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், ஸ்டூலுக்கு முன்னால் ஒரு கட்டைப்பை வந்து நின்றது. நிமிர்ந்தால் பெருமாயி. ஆட்டோவைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தார். உள்ளே நீல வெல்வெட்டில் ஆறு ஸ்பூன், ஆறு முள்கரண்டி.

"புள்ளி வச்சுக் குடுங்கண்ணே. அன்னைக்குச் சொன்னீகள்ல."

மூக்கையா பெட்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "தங்கச்சி, இது வந்து..."

"தெரியும்ணே. முப்பத்திரண்டு வருசமா இதப் புளி போட்டுத் தேய்க்கிறது யாரு? கலியாணமாகி வந்த மறுவருசமே மஞ்சக் கண்டுருச்சு. அதுலேருந்து நாந்தான் மலத்திப் போட்டுட்டு வாரேன்."

"சம்பந்திக்கு?"

"தெரியாது. தெரிய வேணாம்." பக்கத்தில் கிடந்த காலி அட்டைப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். "அந்த மனுசங்கிட்ட வெங்காயத்தத் தவிர இருக்குறது அந்த நாலெழுத்துதாண்ணே. அதையும் பறிச்சுட்டா வெறும் சுப்புராஜு. வெறும் சுப்புராஜுக்குச் சோறு போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் என் பாடு."

மூக்கையாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு ஸ்பூனை எடுத்தார். "ஊசி பட்டா மேப்பூச்சு போயிரும். புள்ளி வைக்கிற எடத்துல உள்ள இருக்குறது தெரியும்."

"எம்புட்டு தெரியும்?"

"புள்ளி அளவு."

"அம்புட்டுதானே. தெரிஞ்சா தெரியட்டும்" என்றார் பெருமாயி. "எங்க வீட்டுக்கு வாரவுகளுக்கு அதுக்கு மேல கண்ணு கெடையாது. ஒங்க மகளுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். அவ சொல்ல மாட்டா. புள்ளி வச்சுட்டா இது பேராயிரும்லண்ணே? பேரான பெறகு ஒங்க தட்டுல வெட்டுறதுக்கு என்ன?"

மூக்கையா ஸ்டூலுக்கு அடியிலிருந்த துணிப்பையைக் காலால் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மிஷினின் சுவிட்சைத் தட்டினார்.

"கூலி எம்புட்டுண்ணே? பன்னெண்டுக்கு நாலு, நாப்பத்தெட்டுப் புள்ளி. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"புள்ளிக்குக் கூலி இல்ல தங்கச்சி."

ஊசி இறங்கியது. தணிந்த சத்தம் கிரீச்சென்று ஏறியது. வழக்கமாக அந்தச் சத்தத்தில் மிஷினை அணைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கிறவர், இந்தத் தடவை தலை நிமிரவில்லை. ஈ, ஒரு புள்ளி. பி, ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் கடுகில் பாதி அளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது. எரியோட்டுக்கு ஒன்று, பழனியாண்டிக்கு ஒன்று, நல்லமுத்துவுக்கு ஒன்று, சுப்பையாவுக்கு ஒன்று. பெருமாயி, உளுந்து புடைப்பதைப் பார்ப்பது போல, அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தெட்டாவது புள்ளியை வைத்துவிட்டு மிஷினை நிறுத்தினார் மூக்கையா. தூளை ஊதினார். பழக்கத்தில் கை அந்த ஸ்பூனை மூக்குக்கு நேரே உயர்த்தியது. பாதி வழியில் நின்றது. அதைச் சட்டை நுனியில் துடைத்து, மஞ்சள் தெரிகிற பக்கம் கீழே போகும்படி, நீல வெல்வெட்டில் மெதுவாக மலர்த்திப் படுக்க வைத்தார்.